ஆறு ஷில்லிங்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓ.டி.யும்

பெரம்பூரில் எங்கள் தெருக் கால்பந்து மன்றத்துக்கு இந்த ஆண்டு பொன்விழா. விழா மலர் தயாரிக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. 50 ஆண்டு வரலாறு என்று கையில் கிடைத்தவை மூன்று புகைப்படங்கள், பரணில் கிடந்த இரண்டு ஷீல்டுகள், ஒரு கணக்கு நோட்டு. நோட்டில் பெரும்பாலும் பந்துக்குப் பிளாடர் மாற்றியது, வலை தைத்தது, டீ, பன் என்று சில்லறைச் செலவுகள். நடுவில் ஒரு வரி மட்டும் என்னை நிறுத்தியது: ‘ஞாயிறு ஓ.டி. போனதற்கு ரூ. 4’. ஓ.டி. என்றால் ஓவர்டைம், கூடுதல் நேர வேலை.

அந்தக் காலத்தில் அணியில் ஆடிய பெரியவர் ஒருவரிடம் நோட்டைக் காட்டினேன். ரயில் பெட்டிப் பட்டறையான கேரேஜ் ஒர்க்ஸில் ஓய்வு பெற்றவர். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார். “அன்றைக்கு ஃபைனல், தம்பி. நம் பேக் ஆடுகிறவனுக்கு ஞாயிற்றுக்கிழமை ஓ.டி. விழுந்துவிட்டது. வீட்டில் தங்கைக்குப் பிரசவ நேரம். ஓ.டி.யை விட முடியாது என்றான். அந்தப் பணத்தை நாங்கள் போட்டுக் கொடுத்தோம். அவன் வந்து ஆடினான்.” அவ்வளவுதான் சொன்னார். ஜெயித்தீர்களா என்று நான் கேட்க, அது அவருக்கு நினைவில்லை. நான்கு ரூபாய் மட்டும் நினைவில் இருந்தது.

இந்த நான்கு ரூபாய்க்கு உலக விளையாட்டு வரலாற்றில் ஒரு பெயர் இருக்கிறது. அதன் பொருட்டு ஒரு விளையாட்டே இரண்டாக உடைந்திருக்கிறது. அந்த விளையாட்டு ரக்பி. நம் பக்கத்தில் அதிகம் ஆடப்படாத ஆட்டம்தான். ஆனாலும் ஒரு மன்றம் தன் ஆண்டு விழாவில் எதை நினைவுகூர வேண்டும் என்பதை, வடசென்னைக்காரர்களுக்கு ரக்பியைவிடத் தெளிவாக வேறு எந்த ஆட்டமும் சொல்லிவிடாது என்று நினைக்கிறேன்.

ஆட்டத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முட்டை வடிவப் பந்து. கையில் எடுத்துக்கொண்டு ஓடலாம்; ஆனால் கையால் முன்னோக்கி எறியக் கூடாது, பக்கவாட்டிலோ பின்னாலோதான் கொடுக்க வேண்டும். எதிராளியைக் கட்டிப் பிடித்துத் தரையில் வீழ்த்தலாம். எல்லைக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் அழுத்தினால் புள்ளி. கபடியில் பாடிப் போகிறவனை மடக்குகிற உடம்பு மொழி தெரிந்தவர்களுக்கு இது அந்நியமாகத் தோன்றாது.

இந்தியாவில் இந்த ஆட்டத்தின் கதை கொல்கத்தாவில் தொடங்குகிறது. 1872 கிறிஸ்துமஸ் நாளில் அங்கிருந்த ஆங்கிலேயர்கள் ஒரு பக்கமும், ஸ்காட்லாந்து, அயர்லாந்து, வேல்ஸ் நாட்டவர் மறுபக்கமுமாக ஆடினார்கள். அடுத்த மாதமே ஒரு கிளப் உருவானது. நான்கைந்து ஆண்டுகளில் அது தேய்ந்துபோயிற்று. ஆடிய படைப்பிரிவு ஊர் மாறியது. போலோவும் டென்னிஸும் ஆட்களை இழுத்துக்கொண்டன. கிளப்பை மூடும்போது வங்கியிலிருந்த பணத்தை 270 வெள்ளி ரூபாய்களாக எடுத்து, உருக்கி, ஒரு கோப்பை செய்தார்கள். மூன்று கைப்பிடிகளும் நாகப்பாம்பு; மூடியின் மேல் ஒரு யானை. அதை லண்டனுக்குக் கொடுத்துவிட்டார்கள். 1879 முதல் இன்றுவரை இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் அந்தக் கல்கத்தா கோப்பைக்காகவே மோதுகின்றன.

அழகான கதைதான். வெள்ளி ரூபாயை உருக்கி வைக்க வசதியிருந்தவர்களின் கதை அது. சென்னையிலும் ரக்பி நெடுங்காலம் தீவுத்திடலில் உள்ள ஜிம்கானா கிளப்பைச் சுற்றியே இருந்தது. தீவுத்திடலுக்கும் எங்கள் பெரம்பூருக்கும் சில கிலோமீட்டர்தான் தொலைவு. ஆனால் அந்தப் பந்து ஏறத்தாழ நூறாண்டுகளாக வால்டாக்ஸ் சாலையைக் கடந்து வடக்கே வரவில்லை. எங்களுக்குச் சொந்தமான ரக்பிக் கதை வேறோர் ஊரில் இருக்கிறது.

1871இல் லண்டனில் 21 கிளப்புகள் கூடி ரக்பி கால்பந்துச் சங்கத்தைத் தொடங்கின. தொடங்கியவர்கள் பெரிய பள்ளிகளில் படித்த தென்பகுதிக் கனவான்கள். அதே காலத்தில் இங்கிலாந்தின் வடக்கே, யார்க்‌ஷயரிலும் லங்காஷயரிலும், ரக்பி வேறு வழியில் பரவிக்கொண்டிருந்தது. அங்கே பஞ்சாலை, கம்பளி ஆலை, நிலக்கரிச் சுரங்கம், துறைமுகம். 1850இல் வந்த தொழிற்சாலைச் சட்டம் நெசவாலைகளில் பெண்களும் இளையோரும் சனிக்கிழமை பிற்பகல் 2 மணிக்கு மேல் வேலை செய்யக் கூடாது என்றது. அவர்கள் போய்விட்டால் ஆலை ஓடாது; ஆகவே ஆண்களுக்கும் படிப்படியாகச் சனி அரைநாள் கிடைத்தது. அந்த அரைநாளில் முளைத்தவைதான் வட இங்கிலாந்தின் கிளப்புகள். தேவாலயக் குழுக்கள், மதுக்கடைக் கூட்டாளிகள், ஒரே பட்டறையில் தொழில் பழகிய பையன்கள் என்று ஆளாளுக்கு ஓர் அணி கட்டினார்கள். ஹல் நகரில் கொதிகலன் செய்யும் தொழில் பழகிக்கொண்டிருந்த பையன்கள் 1882இல் தொடங்கிய அணிதான் இன்று ஹல் கிங்ஸ்டன் ரோவர்ஸ். ரயில் என்ஜின் பட்டறையான லோகோ ஒர்க்ஸில் அப்ரென்டிஸாகச் சேர்ந்த பையன்கள் மாலையில் பந்து தட்டிய கதையைக் கேட்டு வளர்ந்த எனக்கு, அந்தக் கொதிகலன் பையன்கள் அடுத்த தெருக்காரர்கள் போலத்தான் தெரிகிறார்கள்.

சனிக்கிழமை அரைநாள் உள்ளூர் ஆட்டத்துக்குப் போதும். வெளியூருக்குப் போக வேண்டுமானால் காலையிலேயே ரயிலேற வேண்டும். அன்றைய காலை வேலையும் அதற்கான கூலியும் போய்விடும். அடிபட்டுப் படுத்தால் அந்த வாரக் கூலியும் போய்விடும். வக்கீலுக்கும் நிலக்கிழாரின் மகனுக்கும் இது ஒரு கணக்கே இல்லை. நிலக்கரி வெட்டுகிறவனுக்கு அதுதான் வீட்டு வாடகை. அதனால் வடபகுதி கிளப்புகள் ஒரு கோரிக்கை வைத்தன: ஆடுவதற்குச் சம்பளம் வேண்டாம், ஆட வருவதால் இழக்கிற கூலியை மட்டும் கிளப் ஈடுகட்ட அனுமதியுங்கள். இந்தக் கூலி ஈட்டைத்தான் அவர்கள் ‘முறிந்த நேரம்’ என்ற பொருள்படும் சொல்லால் அழைத்தார்கள்.

1893இல் லண்டனில் நடந்த பொதுக்குழுவில் அந்தத் தீர்மானம் வாக்கெடுப்புக்கு வந்தது. ஆதரவு 136. எதிர்ப்பு 282.

எதிர்த்தவர்கள் சொன்ன காரணம், விளையாட்டின் தூய்மை. பணம் கைமாறினால் ஆட்டம் கெட்டுவிடும் என்றார்கள். அந்தப் பேச்சுக்குப் பின்னால் ஓர் அச்சம் இருந்தது. கால்பந்தில் 1885இலேயே சம்பள ஆட்டம் அனுமதிக்கப்பட்டுவிட்டது. சில ஆண்டுகளில் அங்கே கனவான் அணிகள் பின்தள்ளப்பட்டு, தொழிலாளர் ஊர்களின் அணிகள் கோப்பைகளைத் தூக்கிச் சென்றன. ரக்பியிலும் வடக்கு அணிகள் வலுப்பெற்றுவந்தன. கூலி ஈடும் கிடைத்துவிட்டால் அவர்களைத் தடுக்க முடியாது. காசு வாங்காமல் ஆடுபவனே உண்மையான ஆட்டக்காரன் என்ற விதி, காசில்லாதவனை வெளியே நிறுத்துவதற்கு வசதியான விதியாக இருந்தது. இதை நான் உறுதியாகவே சொல்வேன். வருமானம் உள்ளவன் மட்டும் கடைப்பிடிக்கக்கூடிய ஒழுக்கத்தை எல்லோருக்குமான ஒழுக்கமாக வைப்பதில் நியாயம் இல்லை.

1895 ஆகஸ்ட் 29 அன்று ஹடர்ஸ்ஃபீல்டு நகரின் ஜார்ஜ் ஹோட்டலில் வடக்கின் முன்னணி கிளப்புகள் கூடின. தாய்ச் சங்கத்திலிருந்து விலகி ‘வடக்கு யூனியன்’ என்ற தனிச் சங்கம் அமைத்தன. கூலி ஈடு ஒரு நாளைக்கு அதிகபட்சம் ஆறு ஷில்லிங் என்று வகுத்தன. அந்த ஆறு ஷில்லிங்குக்கு அவர்கள் கொடுத்த விலை பெரிது. புதிய சங்கத்தில் ஆடியவர்கள் பழைய சங்கத்தின் ஆட்டத்தில் ஆயுள் முழுவதும் தடை செய்யப்பட்டார்கள். சொந்த ஊரின் பழைய கிளப்பிலிருந்தே விலக்கப்பட்டவர்கள் உண்டு. 1898இல் வடக்கு யூனியன் ஊதியத்தை வெளிப்படையாக ஏற்றது. அப்போதும் ஆட்டக்காரனுக்கு முறையான ஒரு வேலை இருக்க வேண்டும் என்று விதித்தது. 1906இல் அணிக்கு 15 பேர் என்பதை 13 ஆகக் குறைத்தது. அப்படிப் பிரிந்து வளர்ந்ததுதான் இன்றைய ரக்பி லீக். பழையது ரக்பி யூனியன். அந்த யூனியனும் 1995 ஆகஸ்டில் சம்பள ஆட்டத்தை அனுமதித்தது. ஹடர்ஸ்ஃபீல்டு கூட்டத்துக்குப் பின் சரியாக 100 ஆண்டுகள் கழித்து.

இந்தப் பின்னணியோடு பார்த்தால்தான் அந்த ஊர்களின் கிளப்புகள் ஆண்டு விழாவை ஏன் அவ்வளவு உயிராகக் கொண்டாடுகின்றன என்பது விளங்கும். அங்கே ஒரு பழக்கம் என்னை மிகவும் கவர்ந்தது. மரபு எண் என்று தமிழில் சொல்லலாம். கிளப்பின் முதல் அணிக்காக முதன்முதலில் களமிறங்கியவர் எண் 1. அடுத்து அறிமுகமானவர் 2. இப்படியே நூற்றாண்டைத் தாண்டி இன்று புதிதாக வரும் பையன் வரை ஓர் ஒற்றை வரிசை. முதுகில் இருக்கும் எண் ஆட்டத்துக்கு ஆட்டம் மாறும். மரபு எண் மாறாது, இன்னொருவருக்குப் போகாது. 300 ஆட்டம் ஆடிய தலைவனுக்கும் ஒரு மழைநாளில் ஒரே ஒருமுறை மாற்று ஆளாக இறங்கியவனுக்கும் ஆளுக்கு ஓர் எண்தான். ஆண்டு விழாக்களில் அந்த எண்களைச் சான்றிதழாக அச்சிட்டு, ஆள் இல்லாவிட்டால் பேரப்பிள்ளைகளிடம் கொடுக்கிறார்கள். நியூசிலாந்தின் தேசிய அணியும் 1884 முதல் ஆடிய ஒவ்வொருவருக்கும் இப்படி ஓர் எண் வைத்திருக்கிறது.

ஹல் நகரைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். காசிமேட்டில் உறவுகள் உள்ள எவருக்கும் அந்த நகரம் சட்டென்று புரிந்துவிடும். மேற்கே ஹெஸில் சாலை, ஆழ்கடல் மீனவர் குடும்பங்கள் நெருங்கி வாழ்ந்த பகுதி. அவர்களின் அணி 1865இல் தோன்றிய ஹல் எஃப்.சி. கிழக்கே கப்பல்துறைத் தொழிலாளர். அவர்களுக்குக் கொதிகலன் பையன்களின் ரோவர்ஸ். நடுவில் ஓர் ஆறு. எந்தக் கரையில் பிறந்தாயோ அந்த அணி. 1968இன் தொடக்கத்தில் சில வாரங்களுக்குள் மூன்று இழுவைப் படகுகள் பனிக்கடலில் மூழ்கி 58 பேர் இறந்தார்கள். ஹெஸில் சாலைப் பெண்கள் லிலியன் பிலாக்கா என்ற மீனவப் பெண்ணின் தலைமையில் தெருவில் இறங்கி, படகுகளில் பாதுகாப்பு வேண்டும் என்று போராடி வென்றார்கள். 1970களின் நடுவில் ஐஸ்லாந்து தன் கடல் எல்லையை விரித்ததும் அந்த மீன்பிடித் தொழிலே சரிந்துவிட்டது. படகுகள் போயின, வேலை போயிற்று. கிளப் மட்டும் நின்றது.

1980 மே மாதம் லண்டன் வெம்பிளி மைதானத்தில் ரக்பி லீக்கின் சேலஞ்ச் கோப்பை இறுதி ஆட்டம். இரண்டு பக்கமும் ஹல் அணிகள். பார்வையாளர் 95,000. ரோவர்ஸ் 10–5 என்று வென்றது. அன்று ஊரை விட்டு வெளியேறும் நெடுஞ்சாலையில் யாரோ ஒரு பலகை வைத்தார்கள்: ‘கடைசியாகப் போகிறவர் விளக்கை அணைத்துவிட்டுப் போகவும்’. இன்றும் ஹல்லில் அந்தப் பலகையைப் பற்றிப் பேசாமல் எந்த நினைவு விழாவும் முடிவதில்லை. தொழில் இழந்த ஓர் ஊர், தான் இன்னும் ஓர் ஊர்தான் என்று தனக்கே காட்டிக்கொண்ட நாள் அது.

இப்போது வடசென்னைக்கு வருகிறேன். பெரம்பூர் ரயில்வே பட்டறையும் ராயபுரம் நிலையமும் 1856இல் வந்தவை. பக்கிங்ஹாம் மில் 1876இல். கர்நாடிக் மில் 1881இல். துறைமுகமும் அதே ஆண்டில். ரயில் பெட்டி செய்யும் ஐ.சி.எஃப். 1955இல். இயந்திரங்கள் வட இங்கிலாந்திலிருந்து வந்தன, வேலைமுறை வந்தது, சங்கு வந்தது. சனி அரைநாள் மட்டும் கூடவே வரவில்லை. 1911இன் தொழிற்சாலைச் சட்டம் இந்தியாவின் நெசவாலைகளில் ஆண்களுக்கு நாளொன்றுக்கு 12 மணி நேரம் என்றுதான் வரம்பு வைத்தது. சாப்பாட்டு இடைவேளைக்குச் சில நிமிடங்கள் கூட்டித் தாருங்கள் என்பதே 1918இல் இங்குள்ள மில் தொழிலாளர் முன்வைத்த முக்கியக் குறைகளில் ஒன்று. அந்த ஆண்டு ஏப்ரல் 27 அன்று செல்வபதி செட்டியார், ராமாஞ்சலு நாயுடு ஆகியோரின் முயற்சியில், பி.பி. வாடியா தலைவராகவும் திரு.வி.க. துணைத் தலைவராகவும் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவாயிற்று. நேரத்துக்காக எழுந்த சங்கம் அது. நேரம் கிடைத்த பிறகுதான் ஆட்டம்.

எனவே நம் மன்றங்கள் சனிக்கிழமையின் பிள்ளைகள் அல்ல. ஷிஃப்ட் முடிந்த மாலையின் பிள்ளைகள், ஞாயிறு காலையின் பிள்ளைகள். ரயில்வே, துறைமுகம், ஐ.சி.எஃப். போன்ற நிறுவனங்கள் தங்கள் பெயரில் அணி வைத்தபோது, நன்றாக ஆடுகிறவனுக்கு வேலையே கிடைத்தது. அப்படி ஒரு வேலையால் மூன்று தலைமுறைக்கு நிமிர்ந்த குடும்பங்களை எனக்குத் தெரியும். நிறுவன அணிக்குள் போகாதவர்கள் தெரு மன்றங்களில் ஆடினார்கள். அவர்களுக்குக் கூலி ஈடு கொடுக்க எந்தச் சங்கமும் இல்லை. கூட ஆடுகிறவர்களின் சட்டைப்பைதான் இருந்தது. எங்கள் நோட்டின் நான்கு ரூபாய் அப்படி வந்தது. ஹடர்ஸ்ஃபீல்டில் பெரிய மனிதர்கள் கூடித் தீர்மானம் போட்டதை, பெரம்பூரில் ஏழெட்டுப் பையன்கள் யாரையும் கேட்காமல் செய்திருக்கிறார்கள்.

பெயரை நினைவில் வைக்கும் கலை வடசென்னைக்குத் தெரியாத ஒன்றில்லை. குத்துச்சண்டைப் பரம்பரைகளைப் பாருங்கள். சார்பட்டா, இடியப்ப நாயக்கர் என்று பரம்பரை சொல்லி, யார் யாரிடம் கற்றார், அந்த வாத்தியாருக்கு வாத்தியார் யார் என்று வாய்வழியாகவே பல தலைமுறைக்கு எண்ணிச் சொல்லும் பெரியவர்கள் இங்கே இருந்தார்கள். மரபு எண் என்ற பெயர் இல்லாத மரபு எண் அது. சொல்லத் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராக மறைவதுதான் கவலை. பக்கிங்ஹாம், கர்நாடிக் மில் 1996இல் மூடியது. அதில் வேலை பார்த்தவர்கள் பலர் ஊர் மாறிப் போனார்கள். கண்ணகி நகர், பெரும்பாக்கம் என்று நகரின் மறுகோடிக்குக் குடியமர்த்தப்பட்ட குடும்பங்களும் உண்டு. ஒரு தெரு கலையும்போது அதன் அணியின் பட்டியலும் கலைந்துவிடுகிறது.

வெற்றிகளுக்கும் குறைவில்லை. ‘மினி பிரேசில்’ என்று அழைக்கப்படும் வியாசர்பாடியிலிருந்து போன தனபால் கணேஷ், 2017–18இல் இந்திய சூப்பர் லீக்கை வென்ற சென்னையின் எஃப்.சி. அணியில் ஆடினார். கேரமில் இரண்டு முறை உலகச் சாம்பியனான மரிய இருதயம் 1996இல் அர்ஜுனா விருது பெற்றார். 2024இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா, புதுவண்ணாரப்பேட்டைப் பக்கத்து ஆட்டோ ஓட்டுநரின் மகள். இவர்கள் பெயரைப் பத்திரிகைகள் காப்பாற்றும். அவர்களோடு தினமும் பயிற்சிக்கு நின்று, தோற்று, தோற்றே அவர்களைத் தேற்றியவர்களின் பெயரை அந்தந்த மன்றம்தான் காப்பாற்ற வேண்டும்.

ரக்பியும் இப்போது மெல்ல நம் பக்கம் வருகிறது. அணிக்கு 15 பேர் ஆடும் வடிவில் இந்தியப் பெண்கள் அணி 2018இல்தான் தன் முதல் சர்வதேச ஆட்டத்தை ஆடியது. மறு ஆண்டே சிங்கப்பூரை 21–19 என்று வென்று முதல் வெற்றி கண்டது. 2025இல் மும்பையில் நடந்த முதல் ரக்பி பிரீமியர் லீக்கைச் சென்னை புல்ஸ் வென்றது. இங்கே ஏதாவது ஒரு திடலில் சில பையன்களோ பெண்களோ இன்று ரக்பி அணி தொடங்கினால், அவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது ஒன்றே: முதல் நாள் ஆடியவர்களின் பெயரை அன்றே ஒரு நோட்டில் வரிசையாக எழுதி வையுங்கள்.

எங்கள் விழா மலரைப் பற்றிக் குழுவில் விவாதம் நடந்தது. வழக்கமான மலரில் முதல் 20 பக்கம் வாழ்த்துச் செய்திகளும் விளம்பரங்களும்; பிறகு சிறப்பு விருந்தினர் படம்; கடைசியில் அணியின் குழுப்படம், பெயர் இல்லாமல். விளம்பரம் இல்லாமல் அச்சுக்கூலி கொடுக்க முடியாது என்பது உண்மை, அதை நான் குறை சொல்லவில்லை. அதனால் பின்பக்கத்தை அவர்களுக்கு விட்டு, முன்பக்கத்தை மரபு எண் வரிசைக்குக் கேட்டேன். ஒப்புக்கொண்டார்கள். மரபு எண் ஒவ்வொன்றின் கீழும் இரண்டு வரி: எங்கே வேலை பார்த்தார், எந்த இடத்தில் ஆடினார். ஆடாதவர்களுக்கும் இடம் வேண்டும் என்று அந்த கேரேஜ் ஒர்க்ஸ் பெரியவர் கேட்டார். ஆட்டத்தன்று ஷிஃப்டை மாற்றிக்கொடுத்தவர், ஒரே செட் ஜெர்ஸியை வாராவாரம் துவைத்து உலர்த்திய அம்மா, வலையை இலவசமாகத் தைத்துக் கொடுத்த காசிமேட்டுக்காரர். அவர்களுக்கு எண் எப்படிக் கொடுப்பது என்று இரண்டு மாலை பேசினோம். ஆட்டக்காரர்களோடு அதே வரிசையில், அவர்கள் வந்து சேர்ந்த காலப்படி கொடுப்பது என்று முடிவாயிற்று. வலை தைத்தவர் இப்போது எண் 9.

இதுவரை 63 பெயர்கள் சேர்ந்திருக்கின்றன. எண் 1இல்தான் தடை. முதல் ஆட்டத்தில் யார் முதலில் களமிறங்கினார் என்று கேட்டால், மிச்சமிருக்கும் இரண்டு பெரியவர்களும் தாங்கள் இல்லை என்கிறார்கள். கோல்போஸ்ட்டுக்குப் பதிலாக இரண்டு செங்கல்லை வைத்துவிட்டு நடுவில் போய் நின்றவன் வேறொருவன் என்று இருவரும் தனித்தனியாகச் சொன்னார்கள். ஹார்பரில் மூட்டை தூக்கிய பையன். எல்லோரும் அவரைப் பட்டப்பெயரால் மட்டுமே கூப்பிட்டிருக்கிறார்கள்; சொந்தப் பெயர் இருவருக்கும் தெரியவில்லை. அவருடைய தங்கை கன்னிகாபுரத்தில் இருப்பதாக ஒருவர் சொன்னார். அந்தத் தங்கையின் பிரசவத்துக்காகத்தான் அன்றைக்கு ஓ.டி.யை விட முடியாது என்று அண்ணன் நின்றாராம். ஞாயிறு காலை அந்தப் பெரியவரையும் கூட்டிக்கொண்டு, கணக்கு நோட்டை எடுத்துக்கொண்டு அந்தத் தங்கையின் வீட்டுக்குப் போகிறேன்.